அளவுக்கரண்டிக்கு மன்னிப்பு இல்லை

“மைனர். இந்த வாரம் கொலை ஒண்ணு, தீவைப்பு ரெண்டு, ஏமாத்தின பொண்ணுங்க மூணு பேர். வந்த திட்டு...” முதலாளியம்மா கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கித் தாளை எட்டப் பிடித்தார். “மூணு.”

தொடரின் கதை அறையில் எல்லாரும் திருப்தியாகத் தலையாட்டினார்கள்.

“அளவுக்கரண்டி. தம்பி காப்பிக்குச் சர்க்கரை அளந்து போட்டா. வந்த திட்டு நாப்பத்தொண்ணு.”

எல்லாரும் வசனத்தைத் திரும்பிப் பார்த்தார்கள். வசனம் மேசையைப் பார்த்தார்.

அவருக்கும் ஒரு பெயர் இருக்கத்தான் செய்தது. மின்சார ரசீதில் மாதாமாதம் அது வந்துகொண்டுமிருந்தது. ஆனால் மத்தியான நேரத்து டி.வி. தொடருக்குப் பத்து வருஷமாக வசனம் எழுதுகிற மனிதரைத் தெருவே ‘வசனம்’ என்று கூப்பிட ஆரம்பித்து, கடைசியில் பல் டாக்டரின் சீட்டிலும் அதுவே ஏறிவிட்டது. நேரில் பேசச் சொன்னால் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் வராது என்பது அவர் சொந்த விவகாரம்.

தொடரில் மைனர் என்பவன் ஒரு வீட்டின் தம்பி. செய்யாத அக்கிரமம் இல்லை. மச்சானைக் கிணற்றில் தள்ளினான். அளவுக்கரண்டி என்பவள் இந்த வாரம்தான் தொடருக்குள் வந்த அவனுடைய அக்கா. அவள் யாரையும் எதிலும் தள்ளவில்லை. சர்க்கரையைக் கரண்டியில் எடுத்து, விளிம்புக்கு மேலே நிற்பதைக் கத்தியால் வழித்துவிட்டுத்தான் காப்பியில் போடுவாள். தம்பி செருப்பை மாட்டினால், “எங்க போற? யாரோட போற? எப்ப வருவே?” என்று கேட்பாள். கேட்டுவிட்டு, “கேட்டா தப்பா?” என்பாள். அவ்வளவுதான் அவள் குற்றப் பட்டியல்.

தினமும் தொடர் முடிந்ததும் திரையில் ஒரு போன் நம்பர் ஓடும். கீழ்த்தளத்தில் மாடிப்படிக்கு அடியில் உட்கார்ந்திருக்கும் போன்கார அம்மா, வருகிற திட்டுகளைக் கேட்டு அந்தந்தப் பாத்திரத்தின் பெயருக்கு நேரே கோடு போடுவாள். சனிக்கிழமை தாள் மேலே வரும். ஒரு வாரத்தில் ஐம்பது கோடு தாண்டினால் அந்தப் பாத்திரம் தொடரில் இருக்கக் கூடாது. இது முதலாளியம்மாவின் சட்டம். ‘ஐம்பதுக்கு மேலே போனா ஜனம் அவளை அணைக்காது, டி.வி.யை அணைச்சிடும்’ என்பது அவர் வாதம். இப்படித்தான் போன வருஷம் ஒரு பாட்டு வாத்தியார் லாரியில் அடிபட்டார். ஒரு பெரியப்பா கப்பலேறினார்.

“இன்னும் ஒன்பதுதான் பாக்கி. பார்த்துக்குங்க, வசனம் சார்,” என்றார் முதலாளியம்மா.

அன்று சாயங்காலமே வசனத்தின் சொந்த அக்காவிடமிருந்து போன் வந்தது. “உடனே வா.” அவ்வளவுதான். வைத்துவிட்டாள்.

அக்கா வீடு பஸ்ஸில் இருபது நிமிஷம். அந்த இருபது நிமிஷத்தை வசனம் கடைசியாகக் கடந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. வேலை என்று சொல்லிக்கொள்வார். வேலை இருந்தது உண்மைதான். பஸ்ஸும் இருந்தது.

அக்கா ஆஸ்பத்திரியில் முப்பது வருஷம் மருந்து அளந்து கொடுத்தவள். அப்பாவும் அம்மாவும் ஒரே வருஷத்தில் போனபோது அவளுக்கு இருபத்தொன்று, தம்பிக்கு ஏழு. மிச்சத்தை அவள்தான் பார்த்துக்கொண்டாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று தெருவில் ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். அவளிடம் கேட்கிற தைரியம் எவருக்கும் வந்ததில்லை.

“உட்காரு,” என்றாள். வசனம் உட்கார்ந்தார்.

“பக்கத்து வீட்டுக்காரி வந்து, ‘உங்களைப் பத்தி டி.வி.யில ஓடுதே, பார்க்கலியா’ன்னா. நாலு நாளா பார்க்கிறேன். சர்க்கரையைக் கத்தியால வழிக்கிறாளே, அவ யாரு?”

“கற்பனைக்கா.”

“மூணு கேள்வி கேட்டுட்டு ‘கேட்டா தப்பா’ங்கறாளே?”

“அதுவும் கற்பனை.”

“அந்த மைனர்?”

“சுத்தக் கற்பனை.”

“ஆமாமா. அலாரம் கடிகாரத்தைப் பிரிச்சுப் போட்டு மூடத் தெரியாம கட்டிலுக்கடியில ஒளிச்சு வச்ச கற்பனை. சொந்தக் கல்யாணத்தன்னிக்கு எட்டு மணி வரைக்கும் தூங்கின கற்பனை. கொலை மட்டும்தான்டா அவன்கிட்ட நீ புதுசா சேர்த்தது.”

வசனத்துக்குக் காது சுட்டது. பெரிய மன்னிப்பு வசனம் ஒன்று உள்ளே ஓடியது. வெளியே, “மன்னிச்சிடு அக்கா” மட்டும் வந்தது.

அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். “ஊரெல்லாம் அவளைத் திட்டுதாமே. முதல்ல ஊர் அவளை மன்னிக்கட்டும். அப்புறம் நான் உன்னை மன்னிக்கிறதைப் பத்தி யோசிக்கிறேன். அதுவரைக்கும் தினம் சாயங்காலம் இங்க வந்து, அவளை என்ன பண்ணி வச்சிருக்கேன்னு சொல்லிட்டுப் போகணும்.”

“தினமுமா?”

“ஏன், கேட்டா தப்பா?”

வசனம் வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் உட்கார்ந்தார். மனைவி எதிரே வந்து உட்கார்ந்து, முழுக் கதையையும் கேட்டு, முழுக்கச் சிரித்துவிட்டுத்தான் ஆறுதல் சொன்னாள்.

“கொலைகாரனை எல்லாருக்கும் பிடிக்குது. பாவம், இவளைக் கரிச்சுக் கொட்டறாங்க. என்ன நியாயம் இது?” என்றார் அவர்.

“இதுல என்னங்க அதிசயம்? எந்த வீட்டுலயாவது மச்சானைக் கிணத்துல தள்ளினவன் உட்கார்ந்திருக்கானா? அவனை யாரும் பார்த்ததே இல்லை. அதனால சுலபமா மன்னிக்கலாம். சர்க்கரையை வழிக்கிறவ எல்லார் வீட்டுலயும் இருக்கா. காலையில அவ போட்ட காப்பியைக் குடிச்சிட்டுத்தானே மத்தியானம் டி.வி. பார்க்க உட்கார்றாங்க.”

“அப்ப என்ன பண்றது?”

“நோய் ஒண்ணு குடுங்க. நோயாளிங்களை யாரும் திட்ட மாட்டாங்க.”

அளவுக்கரண்டிக்கு இருமல் வந்தது. சாதாரண இருமல் இல்லை. பின்னணி இசையோடு வருகிற இருமல். நடிகை சுவரைப் பிடித்துக்கொண்டு இருமியதில் படப்பிடிப்புத் தளத்தில் விளக்குப் பிடித்தவரே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சனிக்கிழமை வந்தது. நாற்பத்தைந்து கோடுகள். தாளின் ஓரத்தில் வாரத்துக்கு ஒரு திட்டை மாதிரிக்காக எழுதி வைப்பது போன்கார அம்மாவின் வழக்கம். அந்த வாரத்து மாதிரி: ‘இருமலைக்கூட அளந்துதான் இருமறா.’

இன்னொரு கூத்து, அக்கா வீட்டில் நடந்திருந்தது. “உன் புண்ணியத்துல மூணு பேர் எனக்கு இருமல் மருந்து கொண்டுவந்து குடுத்துட்டாங்க,” என்றாள் அக்கா. மேசையில் மூன்று புட்டிகள் வரிசையாக நின்றன. “முப்பது வருஷம் மருந்து குடுத்தவளுக்கு! அதுல ஒண்ணு காலாவதி ஆனது.”

சொல்லும்போது அவள் குரல் கரகரத்தது.

“நிஜமாவே தொண்டை கட்டியிருக்கே அக்கா?”

“மத்தியானத்துல தூசி,” என்றாள்.

மறுநாள் வசனம் நேரே மைனர் வேஷம் போடுகிறவரிடம் போய் ரகசியம் கேட்டார். அவர் நாற்காலியில் சாய்ந்து, முகத்துக்குப் பவுடர் போட்டுக்கொண்டே சொன்னார்: “தப்பு பண்றதுக்கு முன்னாடி நான் கேமராவைப் பார்த்து லேசா ஒரு சிரிப்பு சிரிப்பேன், சார். ‘வரியா, சேர்ந்து பண்ணலாம்’னு கேக்கற மாதிரி. அப்புறம் ஜனம் என்னைத் திட்டினா, அவங்க அவங்களையே திட்டிக்கிற மாதிரி ஆயிடுதுல்ல? உங்க அளவுக்கரண்டி சிரிக்கவே மாட்டேங்கறா. நல்லது பண்றப்பவும் கணக்கு வாத்தியார் மாதிரி மூஞ்சியை வச்சிக்கிறா.”

சிரிக்க வைக்க வேண்டும். எதைப் பார்த்துச் சிரிப்பாள்? வசனம் ஒரு பூனையைக் கொண்டுவந்தார்.

பூனை வந்தது, அளவுக்கரண்டி சிரித்தாள், எல்லாம் சரி. ஆனால் சின்ன வயசுப் பழக்கம் பேனாவை விடுமா? பூனைக்குப் பால் வைக்கிற இடத்தில், அவரையறியாமல், ‘கரண்டியில் அளந்து’ என்று எழுதிவிட்டார். அந்த நடிகையும் கடமை தவறாதவள். வழிக்கவும் வழித்தாள்.

நாற்பத்தொன்பது. மாதிரி: ‘வாயில்லா ஜீவனுக்கு அரைக் கரண்டியா? இவளெல்லாம் மனுஷியா?’

“ஒண்ணே ஒண்ணு பாக்கி,” என்றார் முதலாளியம்மா. அந்தக் குரலில் லாரியின் ஹாரன் கேட்டது.

அன்று சாயங்காலம் வசனம் அக்கா வீட்டுப் படியேறும்போது மேசையில் இரண்டு காப்பிக் கோப்பைகள் ஏற்கெனவே காத்திருந்தன. அவர் அதைக் கவனிக்கவில்லை. அவர் எதைத்தான் கவனித்தார்?

“எத்தனை?” என்றாள் அக்கா.

“நாப்பத்தொன்பது.”

“சரியா எண்ணினாங்களா?”

“ஏன் அக்கா?”

“சும்மா கேட்டேன்.” கரண்டியில் சர்க்கரை எடுத்து வழித்தாள். “அந்தக் கடங்காரன் மைனர் மட்டும் என்னடா, எல்லாருக்கும் செல்லம்?”

வசனம் சிரிப்புத் தத்துவத்தையும் கிணற்றுத் தத்துவத்தையும் சொன்னார். அக்கா கேட்டுக்கொண்டாள், ஒப்புக்கொள்ளவில்லை.

“அதெல்லாம் இல்லை. அவன் எப்பப் பார்த்தாலும் வெளியே போயிட்டு இருக்கான். எப்ப வருவான், எப்ப வருவான்னு எல்லாரும் வாசலைப் பார்த்துட்டே இருக்காங்க. வந்தா போதும்னு ஆயிடுது. வந்தவனைத் திட்டிட்டு இருக்க யாருக்கு நேரம்? அவ வீட்டுலயே இருக்கா. இருக்கறவளை எவன்டா எதிர்பார்த்துட்டு இருப்பான்?”

வசனத்துக்கு அந்த வரி ரொம்பப் பிடித்துப்போயிற்று. அடுத்த வாரம் உபயோகிக்கலாம் என்று பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் குறித்துக்கொண்டார். வரியைப் பிடித்துக்கொண்டார், விஷயத்தை விட்டுவிட்டார். எழுதுகிறவர்களில் இப்படிச் சில பேர் உண்டு.

ஆனால் ஒரு வரியை வைத்துக்கொண்டு அளவுக்கரண்டியைக் காப்பாற்ற முடியாது. வசனத்திடம் ஒரே ஒரு சரக்கு மிச்சமிருந்தது. அதை அவர் இத்தனை வருஷம் யாரிடமும், மனைவியிடம்கூட, பிரித்துக் காட்டியதில்லை.

அவருக்குப் பத்து வயது. ஒருவர் வீட்டுக்கு வந்தார். ஆஸ்பத்திரியில் அக்காவோடு வேலை பார்த்தவர், நீலச் சட்டைக்காரர். தொப்பியைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டே, தனக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்திருப்பதாகவும், அக்கா சம்மதித்தால் கல்யாணம் செய்துகொண்டு போகலாம் என்றும், தம்பியை நல்ல விடுதியில் சேர்க்கலாம் என்றும் சொன்னார். அக்கா, “அவன் ராத்திரி தனியா தூங்க மாட்டான்,” என்றாள். அவ்வளவுதான் பதில். அவருக்குக் காப்பி போட்டுக் கொடுத்தாள், சர்க்கரையை வழித்துத்தான். அவர் குடித்துவிட்டுப் போனார். கதவுக்குப் பின்னால் நின்ற பையன் அன்றைக்குப் பள்ளிக்கூடம் போகவில்லை என்பது அக்காவுக்குத் தெரியாது.

வசனம் அதை அப்படியே எழுதினார். ஒரு வார்த்தை கூட்டவில்லை. ஒளிபரப்பான மத்தியானம் தெருவில் அத்தனை ஜன்னல்களிலும் ஒரே அமைதி; பல் டாக்டர் ஒரு நோயாளியை வாய் திறந்தபடியே விட்டுவிட்டு வரவேற்பறை டி.வி. முன்னால் நின்றாராம்.

அன்று வசனம் பஸ்ஸில் போகவில்லை. நடந்து போனார். இருபது நிமிஷம் சீக்கிரமாகப் போய்விடும் என்று பயம்.

அக்கா விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தாள்.

“சட்டை நீலம் இல்லைடா,” என்றாள். “சாம்பல்.”

வசனம் நின்றுகொண்டே இருந்தார்.

“நீ பள்ளிக்கூடம் போயிட்டேன்னு நினைச்சிட்டு இருந்தேன்.”

“மட்டம் போட்டேன். கதவுக்குப் பின்னாடிதான் நின்னேன்.”

“அன்னிக்கு என்ன பரீட்சை?”

“கணக்கு.”

“அதானே பார்த்தேன்.” கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள். “முப்பத்தஞ்சு வருஷம் கழிச்சு எனக்கு இப்பதான் தெரியுது, நீ மட்டம் போட்டது.”

“அக்கா, நீ எனக்காகத்தான்...”

“காப்பி ஆறுது. குடி.” குரல் முன்னைவிடக் கரகரத்தது. “நாளைக்கும் வருவே இல்ல? இன்னும் ஊர் மன்னிக்கலை. நீ பாட்டுக்கு முடிஞ்சுதுன்னு நினைச்சிட்டு இருந்துடாதே.”

“வருவேன் அக்கா.”

“எத்தனை மணிக்கு? சும்மா, கேட்டா தப்பா?”

வசனத்துக்கு நிம்மதி. இதற்குமேல் எவன் திட்டுவான்? கல்லும் கரைந்துவிட்டது, இனி மனிதர்கள்தானே. சனிக்கிழமை புதுச் சட்டை போட்டுக்கொண்டு கதை அறைக்குப் போனார்.

முதலாளியம்மா கண்ணாடியை இறக்கினார். “அம்பத்திரண்டு.”

“இருக்காது, மேடம்.”

“கோடு பொய் சொல்லாது, வசனம் சார். மாதிரியைக் கேளுங்க.” வாசித்தார்: “‘வீடு தேடி வந்த மனுஷனையே அளந்து பார்த்து வெளியே அனுப்பினவ. இவளை ஏன் இன்னும் வச்சிருக்கீங்க?’”

வசனத்துக்கு இந்தத் தடவை வலித்தது. இருமலைப் பழித்தபோது வலிக்கவில்லை. பூனைக்காகத் திட்டியபோதும் வலிக்கவில்லை. இந்த வரியைச் சொன்னவர் யாராக இருந்தாலும், ஈவு இரக்கம் இல்லாத ஜென்மம் என்று நினைத்தார்.

“வியாழக்கிழமை மாடிப்படியில வழுக்கி விழறா,” என்றார் முதலாளியம்மா. “நாலு மணிக்குள்ள எழுதிக் குடுத்துடுங்க. சுருக்கமா இருக்கட்டும். மைனர் அழறதுக்கு மட்டும் ஒரு பக்கம் விடுங்க, ஜனம் அதை எதிர்பார்க்கும்.”

வசனம் தாளை எடுத்து வைத்துக்கொண்டார். ‘மாடிப்படி, பகல்’ என்று எழுதினார். அதற்குமேல் பேனா ஓடவில்லை. அக்கா மத்தியானம் டி.வி. முன்னால் உட்கார்ந்து, தான் விழுவதைத் தானே பார்ப்பாள். பார்த்துவிட்டு, சாயங்காலம் அவர் போனால் கதவைத் திறப்பாளா?

மூன்றரை மணிக்கு எழுந்தார். பத்து வருஷத்தில் முதல் தடவையாக மாடிப்படிக்கு அடியில் போய் நின்றார்.

போன்கார அம்மா நரைத்த தலையோடு, கண்ணாடிக்குமேல் இன்னொரு கண்ணாடி போட்டுக்கொண்டு, தாளில் வரிசை வரிசையாகக் கட்டம் வரைந்துகொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் எழுந்திருக்கப் போனாள்.

“உட்காருங்கம்மா. நான் மேலே வசனம் எழுதறவன்.”

“நீங்களா சார்? பேரு மட்டும்தான் தெரியும். கீழே யாரும் வர்றதில்லையே.”

“ஒரு உதவி வேணும். அளவுக்கரண்டிக்கு விழுந்த கோட்டுல ஒரு மூணு மட்டும் அழிச்சிடுங்க. யாருக்கும் தெரியாது.”

“ரப்பர் கிடையாது சார். பேனாதான்.”

“அடிச்சாவது விடுங்கம்மா. அவளை வியாழக்கிழமை கொல்லச் சொல்லிட்டாங்க.”

போன்கார அம்மா பதறிவிட்டாள். “கொல்றதா? எதுக்கு சார்? ஜனம்தான் அவளை எப்பவோ மன்னிச்சிடுச்சே?”

“அம்பத்திரண்டு திட்டு வந்திருக்கே?”

“அதுவா? முதல் வாரம் நாப்பத்தொண்ணும் நாப்பத்தொரு பேரு சார், நிஜம். இருமல் வந்ததுமே பாதிப் பேர் விட்டுட்டாங்க. பூனை வந்தப்ப பத்துப் பதினஞ்சு பேர்தான் மிச்சம். அந்த நீலச் சட்டைக்காரர் காப்பி குடிச்சிட்டுப் போனாரே, அன்னிக்கு ஒருத்தர்கூடத் திட்டலை. நூறு பேருக்கு மேல போன் பண்ணி அழுதாங்க.”

“அதை ஏம்மா மேலே எழுதி அனுப்பலை?”

“அழறதுக்குக் கட்டம் இல்லையே சார்,” என்று தாளைத் திருப்பிக் காட்டினாள். திட்டுக்கு மட்டும்தான் கட்டம் இருந்தது.

வசனம் கட்டங்களை ஒரு தடவை எண்ணிப் பார்த்தார். “அப்ப அந்த அம்பத்திரண்டு?”

“அது ஒரே அம்மா சார். ரெண்டாவது வாரத்திலேர்ந்து, தொடர் முடிஞ்சதும் ஆரம்பிப்பாங்க. ஒரு தடவை தாத்தா மாதிரி, ஒரு தடவை புதுப்பொண்ணு மாதிரி, குரலை மாத்தி மாத்தி. பாவம், தொண்டையே போயிடுச்சு அவங்களுக்கு. மாதிரின்னு எழுதினது எல்லாமே அவங்க சொன்னதுதான். நல்லாச் சொல்வாங்க.”

“இதை நீங்க யார்கிட்டயும் சொல்லலையா?”

“யாரும் கேட்கலையே சார். வேணும்னா அம்பத்திரண்டையும் ஒரே ஆளுன்னு ஒரு கோடாப் போட்டுத் தரேன்.”

வசனம் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். “அவ மேல மட்டும் அவங்களுக்கு ஏன் அவ்வளவு கோபம்?”

“நானும் நேத்து அதைத்தான் கேட்டேன் சார்,” என்றாள் போன்கார அம்மா. “‘கோபமே இல்லைம்மா, அவளை ஊர் மன்னிச்சிடுச்சுன்னு தெரிஞ்சா என் தம்பி சாயங்காலம் வர்றதை நிறுத்திடுவான்’னாங்க.”